உட்கார்ந்தே உறங்கியவர்

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பத்தாம் வகுப்பு உயிரியல் இந்த வருஷமும் எனக்குத்தான். சேலைகளையெல்லாம் இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் அடுக்கியிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வாரம் தாண்டிவிட்டது. இன்னும் இந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தால் என்ன இருக்கும் என்று கைக்குப் பழகவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் மணப்பெண் ஆவேன் என்று நான் நினைத்ததில்லை. அம்மா படுக்கையில் இருந்தவரை என் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்து வருஷம் திரும்புவதற்குள் அண்ணன் இந்த வரனைக் கொண்டுவந்தான். பாக்கியநாதன், வயது நாற்பத்தொன்பது, அவருக்கும் இது முதல் கல்யாணம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். சிகரெட் பிடிப்பார் என்று கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டாராம்.

பேச்சு குறைவு. ஆனால் நான் வைத்த மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அது போதும்.

கோயிலில் ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி அவரைப் பார்த்து, "மாப்ளைக்கு முகம் நல்லாப் பூரிச்சுப்போச்சே! ரூபி கைப்பக்குவம் வேலை செய்யுது" என்றார். அவர் கூச்சத்தோடு சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் இல்லையென்று எழுத வேண்டும்?

ஜூன் 16, ஞாயிறு

அண்ணனும் மைனியும் நாசரேத்திலிருந்து வந்திருந்தார்கள். கோழி, இடியாப்பம், தேங்காய்ப் பால். மைனி அடுக்களைக்குள் வந்து என் காதோடு, "கல்யாணக் களை உனக்கு வரலளா, மாப்ளைக்குல்லா வந்திருக்கு. பொண்ணு பாக்க வந்தப்பம் கன்னம் ஒட்டிக் கெடந்துச்சு. இப்பம் பாரு" என்றாள்.

உண்மைதான். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் கழுத்துப் பொத்தான் இப்போது போடமுடியவில்லை. பொத்தானை அரை விரல் தள்ளித் தைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 22

காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்குப் புழுக்கம் என்றார்.

ஜூன் 29

ஒரு மேசை ஃபேன் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று தலையணை கேட்டார், கொடுத்தேன். விடியும்போது தலையணைகள் மட்டும் கிடந்தன. ஆள் நாற்காலியில்.

இருமல் வேறு. "கடையில புது ரப்பர் சரக்கு வந்திருக்கு, அந்த வாடை" என்கிறார். பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குரல் கம்மியிருக்கிறது.

ஜூலை 3

ராத்திரி நல்ல மழை. புழுக்கமே இல்லை. நாற்காலியில்தான் இருந்தார்.

ஜூலை 9

பள்ளியிலிருந்து வரும் வழியில் கடைக்குப் போனேன். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு வயதான அம்மா முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். இவர் செருப்பை அவர் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே, "போட்டுப் பாருங்கம்மா" என்றார்.

"நீதானப்பா எப்பவும் குனிஞ்சு போட்டுவிடுவ? கல்யாணம் ஆனதும் பெரிய மனுஷன் ஆயிட்டியோ?" என்று அந்த அம்மா கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே குனிந்து வாரை மாட்டிவிட்டார். நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம். கண் இரண்டும் பிதுங்கிச் சிவந்திருந்தன. அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

என்னைக் கண்டதும், "எப்பம் வந்த? டீ சொல்லட்டுமா?" என்றார்.

பிரஷராக இருக்கும். வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலில் பாட்டுப் புத்தகத்தை அவர் பிடித்திருந்தபோது பார்த்தேன். விரலில் மோதிரம் இல்லை. நான் போட்ட மோதிரம்.

வழியில் கேட்டேன். "இறுக்குச்சு. சோப்பு போட்டுக் கழட்டிக் கடை டிராயர்ல வச்சிருக்கேன்" என்றார். கல்யாணத்தின்போது அது தளர்வாக இருக்கிறதென்று நூல் சுற்றிப் போட்டிருந்தவர். மத்தியானம் சமைக்கப் பிடிக்காமல் காலையில் மிஞ்சிய மாவில் தோசை ஊற்றினேன்.

ஜூலை 17

பத்தாம் வகுப்பில் இதயப் பாடம். பலகையில் படம் போட்டேன். தமனிகளுக்குச் சிவப்புச் சாக்பீஸ், சிரைகளுக்கு நீலம். தலை, கழுத்து, கைகளிலிருந்து அசுத்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது மேற்பெருஞ்சிரை. வயிறு, கால்களிலிருந்து கொண்டுவருவது கீழ்ப்பெருஞ்சிரை. இரண்டும் வலது ஏட்ரியத்தில் வந்து சேரும். இத்தனை வருஷமும் இதே வரிசையில்தான் சொல்லி வருகிறேன்.

கடைசி வரிசையில் இருக்கிற முத்துமாரி எழுந்து, "டீச்சர், அந்த மேல இருக்குற கொழாய் அடைச்சுக்கிட்டா என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

"அது பாடத்துல இல்ல. உக்காரு" என்றேன்.

நல்ல கேள்விதான். பாராட்டியிருக்கலாம். ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று தெரியவில்லை. தலைவலி.

ஜூலை 20

காலையில் குளித்துவிட்டு வந்தவர் துண்டைப் போர்த்திக்கொள்ள மறந்துவிட்டார். நெஞ்சு முழுக்கக் கருநீல நரம்புகள். தோளிலிருந்து கிளம்பிப் புழுப்போல் நெளிந்து வயிற்றுப் பக்கம் இறங்கின. நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் சட்டென்று திரும்பிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் மைனி போனில் பேசினாள். நாற்காலி விஷயத்தை நான்தான் சொல்லித் தொலைத்தேன். "இத்தன வருஷம் கல்யாணம் பண்ணாம இருந்த மனுஷன், ரூபி. வேற யாரும் இருக்காவளான்னு நல்லா விசாரிச்சோமா?" என்றாள். மோதிரத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

நரம்பைப் பற்றியும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நரம்பு தெரியும். செருப்புப் பெட்டி சுமக்கிற உடம்பு.

ஜூலை 24

துணி துவைத்தேன். தலையணை உறை ஆறு. அவருடையது எதுவும் அழுக்காகவே இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன். சாப்பாடு முடிந்து தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றேன்.

"என்னப் பிடிக்கலன்னா சொல்லிருங்க. நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன். ஒரே வீட்டுல ஆளுக்கொரு மூலையில கெடக்குறதுக்கா இந்த வயசுல கல்யாணம்?"

அவர் என்னையே பார்த்தார். வீங்கிய இமைகளுக்குள் கண் சிறுத்துக் கிடந்தது. "பிடிக்காம என்ன? அப்படிலாம் பேசாத ரூபி" என்றார். குரல் பாதிதான் வந்தது.

"அப்பம் ஏன் பக்கத்துல படுக்க மாட்டங்குதிய? மோதிரம் ஏன் கழட்டுனிய?"

மோதிரமில்லாத விரலைத் தடவிக்கொண்டார். "இன்னைக்குப் படுக்கேன்" என்றார்.

ஜூலை 30

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்குச் சொன்னபடியே படுத்தார். ஒரே தலையணைதான் வைத்துக்கொண்டார், என் பக்கமாகத் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு. நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை எழுதாமல் விடக்கூடாது. கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நன்றாக நான் தூங்கியதே இல்லை.

விடிந்தபோது அவர் கை என் கையிலேயே இருந்தது. கனமாக, குளிர்ந்து. முகம் நீலமாக ஊதியிருந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. உதடு கறுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். தூக்கி உட்காரவைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தே வந்தார்.

நர்ஸ் கையில் ஊசி குத்த வந்தபோது டாக்டரம்மா தடுத்து, "கையில வேண்டாம், கால்ல போடு" என்றார். எனக்குப் புரியவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்.

"தலையிலயும் கையிலயும் இருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வர்ற பெரிய குழாய் இருக்கில்லம்மா..."

"மேற்பெருஞ்சிரை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆமா. அதுக்குப் பக்கத்துல நுரையீரல்ல ஒரு கட்டி இருக்கு. அது இந்தக் குழாய நெரிக்குது. மேல வந்த ரத்தம் கீழ இறங்க வழியில்லாம அங்கேயே தேங்கி நிக்குது. அதான் முகமும் கையும் வீங்குது. உக்காந்தா கொஞ்சமாவது இறங்கும். படுத்தா அதுவும் இறங்காது. ராத்திரி எப்படித் தூங்குனாரு?"

நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நெஞ்சுல நரம்பு தெரிஞ்சிருக்குமே? மெயின் ரோடு அடைச்சா வண்டியெல்லாம் சந்துக்குள்ள திரும்பும்ல, அது மாதிரி ரத்தம் சுத்து வழியில போயிருக்கு. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்ங்கறீங்க. நீங்க பாக்கலியா?"

பிறகு கட்டிலருகே போய் அவரிடம், "இதுக்கு முன்னால நெஞ்சுப் படம் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மே மாசம் மொதல்ல. இருமலுக்குப் போயிருந்தேன். நெழல் தெரியுது, சதை எடுத்துப் பாக்கணும்னாவ."

எங்கள் கல்யாணம் மே இருபத்துநாலு.

ஆகஸ்ட் 1

கஞ்சி கொடுத்தேன். முகம் துடைத்துவிட்டேன். பேசவில்லை.

ஆகஸ்ட் 2

வீக்கம் வடிய ஊசி போடுகிறார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, நெரிந்த சிரைக்குள் ஒரு கம்பி வலையை வைத்து விரித்தார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். வெளியே வந்தபோது அவர் நெற்றி நிறம் மாறியிருந்தது. சதை எடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

பள்ளிக்கு ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணன் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்தான். நடைபாதையில் வைத்தே சத்தம் போட்டான். "ஏமாத்திக் கட்டிருக்கான்ளா! வியாதிய மறைச்சுத் தாலி கட்டுனவனுக்கு நீ எதுக்கு உக்காந்து கஞ்சி ஊத்துத? ஆளு வச்சுப் பாக்கட்டும். கிளம்பு. மைனி ரூம ஒழிச்சு வச்சிருக்கா."

"இரி. ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

உள்ளே அவர் தலையணை உயர்த்திச் சாய்ந்திருந்தார். முகம் பாதி வடிந்திருந்தது. அண்ணன் பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

"தெரிஞ்சேதான் கட்டுனியளா?"

"தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா தெரிஞ்சுக்கப் போகல. சதை எடுத்தா என்னமாது பேரு சொல்லுவாவ. பேரு சொன்னா உங்கண்ணன் கிட்டச் சொல்லணும். சொன்னா நீ வர மாட்ட."

"நான் வராட்டா என்ன? செத்தா போயிருப்பிய?" வாயிலிருந்து வந்துவிட்டது. "சாகையில பக்கத்துல ஆள் வேணும்னு கட்டுனியளா?"

"இல்ல. வாழுததுக்குன்னுதான் நெனச்சேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் கிளம்பியிருப்பேன் என்று தோன்றுகிறது.

வெளியே வந்து அண்ணனிடம், நாசரேத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், காலாண்டுத் தேர்வு வருகிறது, தோதுப்படாது என்றேன். அவன் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனான். மைனி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவைத் திருப்பி எடுத்துப்போக மறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 12

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"புற்றுநோய்தாம்மா. இதுல ஒரு வகை மருந்துக்குச் சீக்கிரம் கரையும். இவருக்கு அதுதான். கீமோ ஆரம்பிச்சா நல்லாத் தேறிருவாரு. கடைக்குக்கூடப் போவாரு."

நான் தலையாட்டினேன்.

"ஆனா திரும்ப வரும். ஆறு மாசமோ எட்டு மாசமோ கழிச்சு. அப்படித் திரும்பி வந்தா, அன்னைக்கு மருந்து இப்படிக் கேக்காது. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்லுதேன்."

வார்டுக்குப் போனேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாவ?" என்றார்.

"மருந்துக்கு நல்லாக் கேக்கும்னாவ. கடைக்குப் போவிய" என்றேன்.

டாக்டரம்மா சொன்னதும் அதுதானே. மிச்சத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19

வீட்டுக்கு வந்தாயிற்று. முருங்கைக்கீரை, பயறு. வாந்தி இரண்டு தடவை. சொல்ல இது நேரமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

தலைமுடி கொட்டிவிட்டது. முகம் வற்றிக் கன்னம் ஒட்டிவிட்டது. கோயிலில் போதகரின் மனைவி, "ஐயோ, இப்படி இளைச்சுட்டாரே!" என்று அங்கலாய்த்தார். இளைத்திருப்பதுதான் நல்லது என்று அவருக்கு எப்படி விளக்குவது? சிரித்துவைத்தேன்.

பெண் பார்க்க வந்தபோது இருந்த முகம் இதுதான். நான் சரியாகப் பார்க்காமலே சம்மதம் சொன்ன முகம். மூக்கு கொஞ்சம் கோணல். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் ஒரு மடிப்பு விழுகிறது. இவ்வளவு நாளும் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

இன்றும் சொல்லவில்லை. மிக்ஸி ரிப்பேர்.

செப்டம்பர் 26

ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கிவிட்டதாம். வரும் வழியில் அல்வா வாங்கினார். பஸ்ஸிலேயே பொட்டலத்தைப் பிரித்து எனக்கு நீட்டினார். யாராவது மாணவிகள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாய் சாப்பிட்டேன். மிச்சத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கடையைத் திறந்துவிட்டார். காலை மட்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார்.

"பக்கத்துல தையல் கடை காலியாவுதாம் ரூபி. கட்டடத்துக்காரரு காலையில வந்தாரு. நடுச் செவர இடிச்சுட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிக்கங்காரு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஷூ மட்டும் அந்தப் பக்கம் போட்டா ஜூன் மாசம் கூட்டம் நிக்கும். அடுத்த ஜூன். என்ன சொல்லுத?"

நான் கரண்டியோடு நின்றேன்.

"உன்னக் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னு நாளைக்குச் சொல்லுதேன்னுட்டேன். சொல்லு. செய்யலாமா?"

செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த ஒரு சொல்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னத்து மடிப்பு விழுந்திருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

நான் குனிந்து சட்டியைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல மாறியது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திரும்ப வருமா?"

"ம்."

"எப்பம்னு சொன்னாவளா?"

"அடுத்த ஜூன் வரைக்கும்னு உறுதி சொல்லல."

வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள்.

"உனக்கு இது எப்பத்துலருந்து தெரியும்?"

"ஆகஸ்ட்லருந்து. சதை முடிவு வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று மறுபடி சிரிப்பானது.

"அப்பம் நீயும் ரெண்டு மாசம் எங்கிட்ட மறைச்சிருக்க."

"ஆமா."

"டீச்சர். பிள்ளையளுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கிறவ."

"ஆமா." எனக்குக் கண் தெரியவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, உக்காரு" என்றார். "அந்தம்மா சொன்னத முழுசாச் சொல்லு. ஒண்ணு விடாம."

உட்கார்ந்து சொன்னேன். கட்டி எங்கே இருக்கிறது, சிரை எந்தப் பக்கமாக இறங்குகிறது, கம்பி வலை எதைத் தாங்குகிறது, திரும்பி வந்தால் முதலில் என்ன தெரியும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எல்லாவற்றையும். புரியாத இடத்தில் அவர் நிறுத்திக் கேட்டார். தட்டின் ஓரத்தில் விரலால் குழம்பைத் தொட்டு நான் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

முடிந்ததும் அவர் போனை எடுத்துக் கட்டடத்துக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அந்தச் செவர் இருக்கட்டும். இடிக்க வேண்டாம். இல்ல இல்ல, வாடகையிலலாம் ஒண்ணுமில்ல. வீட்டுல பேசுனோம்."

சோறு ஆறிப்போயிருந்தது. சுடவைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். உனக்கும் போட்டுக்கிட்டு வா" என்றார்.